அப்பன் தொழில் வேண்டாம், ஒரு தொழில் வேண்டும்

கருங்குழியில் பொழுது விடியும் முன்பே ஜி.எஸ்.டி. சாலையோரம் ஆட்கள் கூடிவிடுகிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. மறைமலைநகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் என்று ஆளுக்கொரு கம்பெனி பஸ். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவர்களுக்குள்ளும் படிகள் உண்டு. ஒருவர் பெர்மனன்ட், இன்னொருவர் கான்ட்ராக்ட், அடுத்தவர் டிரெயினி, அதற்கடுத்தவர் அப்ரண்டிஸ். ஒரே லைனில் நின்று ஒரே வேலையைச் செய்தாலும் மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகை வேறு வேறு. இந்தக் கணக்கை ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் தெரியும், யார் வீட்டுப் பையன் எந்தப் படியில் நிற்கிறான் என்று.

அதனால்தான் மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் இந்தப் பக்கத்து வீடுகளில் மூன்று கேள்விகள் எழுகின்றன. ஐ.டி.ஐ.யில் போட்டால் வேலை கிடைக்குமா? எந்த டிரேடு எடுக்கலாம்? அதோடு படிப்பு நின்றுவிடுமா, மேலே போக வழி இருக்கிறதா? முதல் இரண்டு கேள்விகளுக்கு அரசிடமும் கம்பெனிகளிடமும் பதில் தயாராக இருக்கிறது. மூன்றாவது கேள்வியை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பெற்றோரின் மனதில் கனத்துக் கிடப்பது அந்த மூன்றாவதுதான்.

கருங்குழி, செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவே, பாலாற்றைத் தாண்டி வரும் பேரூராட்சி. வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர்ப் பக்கம் இருப்பது, இது வேறு. இந்தக் கருங்குழிக்கும் ஒரு பழைய பெருமை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில், 1795 முதல் 1825 வரை, மாவட்டக் கலெக்டரின் தலைமையிடமே இங்குதான் இருந்தது. இன்று ஒரு ரயில் நிலையம், கடைத்தெரு, சுற்றிலும் ஏரிப் பாசன நெல் வயல்கள், பக்கத்துப் படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை. வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்களின் கார்கள் படாளத்தில் திரும்பிப் போய்விடும். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அந்த மாவட்டத்தின் வடபாதி தொழிற்சாலை, தென்பாதி வயல் என்று சொன்னால் பெரிய தவறில்லை. கருங்குழி இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஊர். அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். மகன் கார் உதிரிபாகம் பூட்டுகிறவன். ஒரே தலைமுறையில் நடந்த மாற்றம் இது.

2022-23 காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டவர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதம்தான். இன்னொரு 16.6 சதவீதத்தினர் முறைசாராத வழியில் கற்றவர்கள். அதாவது அப்பாவிடம், மேஸ்திரியிடம், மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து நின்று கற்றவர்கள். 2015இல் மத்திய அரசு வெளியிட்ட திறன் மேம்பாட்டுக் கொள்கை, மொத்தத் தொழிலாளர்களில் முறையான பயிற்சி பெற்றவர்கள் ஜெர்மனியில் 75 சதவீதம், ஜப்பானில் 80, தென்கொரியாவில் 96 என்றும் இந்தியாவில் 4.69 என்றும் கணக்குச் சொன்னது. இந்த எண்களைப் படித்துவிட்டு, நம் மக்களுக்குக் கைத்தொழில் என்றால் இளக்காரம், எல்லோருக்கும் நாற்காலி வேலைதான் வேண்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கருத்தரங்குகளில் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். இது உண்மையல்ல. நம் மக்கள் தொழிற்பயிற்சியைக் கேட்கத்தான் செய்கிறார்கள். தங்கள் பிள்ளையை இருக்கிற இடத்திலேயே நிறுத்திவைக்கும் பயிற்சியைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

இந்த எச்சரிக்கை உணர்வு எங்கிருந்து வந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புற ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி; மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைக் கற்க வேண்டும். பள்ளிக் கட்டடமும் ஆசிரியர்களும் போதாத காலம். இரண்டு ஷிஃப்ட் வைத்தால் அதே செலவில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு போட்ட கணக்கு. ஆனால் சிரைப்பவர் மகன் சிரைக்கவும் வெளுப்பவர் மகன் வெளுக்கவும் கற்க வேண்டும் என்பதே அதன் விளைவாக இருக்கும் என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயர் விழுந்தது. பெரியார் களத்தில் இறங்கினார், தி.மு.க. போராடியது, காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகி காமராஜர் வந்தார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது. ஒரு கல்வித் திட்டம் ஓராண்டுக்குள் முதலமைச்சரையே மாற்றிய மாநிலம் இது. எழுபது ஆண்டுகள் கழிந்தும், பள்ளியில் தொழில் கற்றுத்தருகிறோம் என்று யார் சொன்னாலும் தமிழ்நாட்டில் முதலில் எழுவது சந்தேகம்தான். அந்தச் சந்தேகம் நியாயமானது.

செங்கல்பட்டுக்கு இதைவிடப் பழைய நினைவும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய அரசு செங்கல்பட்டில் ஒரு சீர்திருத்தப் பள்ளி நடத்தியது. குற்றம் செய்து பிடிபட்ட சிறுவர்களை அங்கே வைத்துத் தச்சு போன்ற தொழில்களைக் கற்றுத்தந்தார்கள். இந்த ஊரில் அரசு செலவில் கைத்தொழில் கற்றவர்களில் முதல் வரிசைப் பிள்ளைகள் கைதிகள். அதே காலத்தில், 1891இல், செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பண்ணையில் அடிமைபோல் உழைத்தவர்கள் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் கிடந்ததை அதில் விவரித்தார். பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அந்த அறிக்கையின் விளைவு. அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்திகளும்தான் இன்று இந்த மாவட்டத்து ஐ.டி.ஐ.களில் பெருமளவு இடங்களுக்கு விண்ணப்பிக்கிறார்கள். அவர்களிடம் போய் அப்பன் தொழிலின் அருமையைப் பேசுவது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது அப்பன் செய்யாத தொழில்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பிடிவாதமும் அல்ல. ஆப்பிரிக்காவின் கானாவில் பள்ளிகளை ஆராய்ந்த பிலிப் ஃபாஸ்டர், 1965இல் எழுதிய கட்டுரையில் இதையேதான் சொன்னார். கானாவில் ஆங்கிலேய அரசும் பிறகு வந்த சுதந்திர அரசும் விவசாயப் பள்ளி, தொழிற்பள்ளி என்று திறந்துகொண்டே இருந்தன. மக்கள் ஏட்டுக் கல்விப் பள்ளியைத்தான் தேடிப் போனார்கள். மக்களுக்குப் புத்தி இல்லை என்று அதிகாரிகள் நினைத்தார்கள். ஃபாஸ்டர் சம்பளப் பட்டியலைப் பார்த்தார். நல்ல சம்பளமும் நிலையான வேலையும் ஏட்டுக் கல்வி படித்தவர்களுக்கே கிடைத்தன. அப்படியானால் மக்கள் போட்ட கணக்குச் சரி, அரசு போட்ட கணக்குத்தான் தப்பு. தொழிற்பள்ளியை எத்தனை திறந்தாலும் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலி மாறாமல் பெற்றோரின் மனம் மாறாது என்று அவர் முடிவுசெய்தார்.

அறுபது ஆண்டுகள் கழித்து ஜி.எஸ்.டி. சாலையில் அந்தச் சம்பளப் பட்டியல்தான் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தச் சாலை நெடுக இன்ஜினீயரிங் கல்லூரிகள் முளைத்த காலத்தில் கடன் வாங்கிப் பிள்ளையை பி.இ. சேர்த்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அந்தப் பிள்ளைகளில் பலர், ஐ.டி.ஐ. படித்த பையன் நிற்கும் அதே லைனில், அதே அளவு சம்பளத்துக்கு, கல்விக் கடன் பாக்கியோடு நிற்பதைப் பெற்றோர் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் படித்தவர்களுக்கான இடம் என்று கருதப்பட்ட ஐ.டி.ஐ. வாசலில் இன்று பிளஸ் டூ முடித்தவர்களும் நிற்கிறார்கள்.

குலத்தொழிலுக்கும் தொழிற்கல்விக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்கே மாமல்லபுரத்துக்குப் போக வேண்டும். கல்லில் சிற்பம் செதுக்குவது தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குள் இருந்த கலை. தந்தை மகனுக்குச் சொல்லுவார். வெளியாள் உளியைத் தொட வழியில்லை. 1957இல் அரசு அங்கே ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. வைத்தியநாத ஸ்தபதியும் அவருக்குப்பின் அவர் மகன் வை. கணபதி ஸ்தபதியும் அதை வழிநடத்தினார்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலையை எழுப்பிய அதே கணபதி ஸ்தபதி. அந்த நிலையம்தான் இன்றைய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. இப்போது அங்கே பட்டம் தருகிறார்கள். பிளஸ் டூ முடித்த எந்தச் சாதிப் பிள்ளையும், பெண் பிள்ளையும், விண்ணப்பித்துச் சேரலாம். கல்லைத் தட்டி அதன் ஓசையைக் கொண்டு உள்ளே விரிசல் உண்டா, எந்தப் பகுதியை எதற்கு எடுக்கலாம் என்று கணிப்பதை, ஸ்தபதி வீட்டில் பிறக்காத பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்து கற்கலாம். தாள அளவு, வாஸ்து சாஸ்திரம், வரைபடம் எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. 2017இல் மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

மாமல்லபுரத்துச் சாலையோரப் பட்டறைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. உளியோடு கிரைண்டர் வந்த பிறகு கல்தூசி காற்றில் நிற்கிறது. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்யும் இளைஞர்களின் நுரையீரலைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. தூசியிலிருந்து தப்புவது எப்படி என்பதும் தொழில் கற்றுத்தருவதன் ஒரு பகுதிதான். ஆனாலும் ஒரு குலத்தின் கையில் இருந்த தொழிலை அரசு ஒரு வகுப்பறைக்குள் கொண்டுவந்து, வாசலைத் திறந்துவைத்து, முடிவில் பட்டமும் கொடுத்தது. 1953இல் சொன்னதற்கு நேர் எதிரான காரியத்தை நான்கே ஆண்டுகளில் அதே மாநில அரசு இந்தக் கடற்கரையில் செய்தது.

ஐ.டி.ஐ.க்குள் உண்மையில் என்ன நடக்கிறது? ஃபிட்டர் பிரிவை எடுத்துக்கொள்வோம். அரசு ஏட்டில் அதற்குப் பொருத்துநர் என்று பெயர். இரண்டு ஆண்டுப் படிப்பு. சேர்ந்த புதிதில் பையன் கையில் கொடுப்பது அரம். ஒரு இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அதன் மேல்முகத்தைச் சமதளமாக ராவ வேண்டும். கேட்கச் சுலபம். அரத்தை முன்னே தள்ளும்போது மட்டும்தான் அழுத்தம் வேண்டும். பின்னே இழுக்கும்போது அழுத்தக்கூடாது. தள்ளும்போதே இரண்டு கைகளின் அழுத்தமும் மாறிக்கொண்டே வர வேண்டும். தொடங்கும்போது முன்கை, முடிக்கும்போது பின்கை. தோள் ஆடினால் ஓரங்கள் தேய்ந்து நடு உப்பிவிடும். ராவி முடித்து மூலைமட்டத்தைத் துண்டின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார் பயிற்றுநர். இடுக்கில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை காய்ப்பேறும். பிறகு வெர்னியர் காலிப்பர் கைக்கு வரும். ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கைப் படிக்கக் கண் பழக வேண்டும். அதற்கும் பிறகு ஒரு துண்டின் பள்ளத்தில் இன்னொரு துண்டின் மேடு இடைவெளியில்லாமல் உட்காரும்படி இரண்டையும் ராவிப் பொருத்தும் வேலை.

இதை சி.என்.சி. இயந்திரம் சில நிமிடங்களில் செய்துவிடுமே என்று கேட்கலாம். செய்துவிடும். ஆனால் இயந்திரம் தப்பாக வெட்டியதைத் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கும் விரல், அரம் பிடித்த விரல். அனுபவப்பட்ட பயிற்றுநர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள். பழைய முறை போதும் என்பது அவர்கள் வாதம் இல்லை. அரத்தோடு நின்றுவிட்ட ஐ.டி.ஐ.யில் படித்த பையன் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குள் போனால் அங்கே உள்ள இயந்திரத்தை முதன்முறையாகப் பார்க்கிறான் என்பதும் உண்மைதான்.

தமிழ்நாடு அரசு இதைச் சரிசெய்யப் பெரும் தொகை ஒதுக்கியது. டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனப்படுத்தும் திட்டம் அது. சி.என்.சி., ரோபோ, மின்வாகனப் பழுதுபார்ப்பு, 3டி அச்சு என்று புதிய கூடங்கள் எழுந்தன. முதல் கட்டக் கூடங்களை 2023 ஜூலையில் முதலமைச்சர் ஒரகடத்தில் திறந்துவைத்தார். வரவேற்கத்தக்க காரியம். ஆனால் இயந்திரம் வாங்குவதைவிடக் கடினமானது அதைக் கற்றுத்தரும் ஆளைப் பிடிப்பது. நாடு முழுக்கச் சுமார் 15,000 ஐ.டி.ஐ.கள் இருக்கின்றன, அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியார் நடத்துபவை. இவற்றைப் பற்றி வந்த ஆய்வுகள் தொடர்ந்து சொல்லும் குறை பயிற்றுநர் பற்றாக்குறை. கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கும் திறமைசாலி, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு, அதுவும் தற்காலிகப் பணிக்கு, வகுப்பறைக்கு ஏன் வருவார்?

இதே வியாதியில் ஒரு நல்ல திட்டம் ஏற்கெனவே நலிந்துபோனதை நாம் பார்த்திருக்கிறோம். 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்பிரிவும் வந்தது. நாட்டுக்கே முன்னோடி என்று பேசப்பட்டது. பிறகு தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வுபெற்றால் அந்த இடத்துக்கு ஆள் போடாமல், பிரிவையே மூடிய பள்ளிகள் எத்தனையோ. பெற்றோர் அந்தப் பிரிவை ஒதுக்கிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பில் யார்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள்?

குறுகிய காலப் பயிற்சிகளின் கதை இன்னும் வருத்தமானது. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் சில மாதப் பயிற்சிகள் மூலம் கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்ததாகக் கணக்கு. அந்தத் திட்டத்தைத் தணிக்கை செய்த இந்தியத் தணிக்கைத் துறை, பயனாளிகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய கட்டம் காலியாகவோ பூஜ்யங்களாகவோ இருந்ததைக் கண்டுபிடித்தது. ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் மூன்று மாதம் கூலி வேலையை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிறான் என்றால் அந்த மூன்று மாதக் கூலியை அவன் குடும்பம் முதலீடாகப் போடுகிறது. அந்த முதலீட்டை அரசு ஒரு காலிக் கட்டமாக நடத்தக்கூடாது.

கம்பெனிகள் பக்கம் வருவோம். ஆள் கிடைக்கவில்லை, திறமை இல்லை என்பது அவர்கள் எல்லா மேடையிலும் சொல்லும் புகார். ஆனால் ஜி.எஸ்.டி. சாலையோரத் தட்டிகளைப் படித்தால் வேறு செய்தி கிடைக்கிறது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் வரலாம்; சாப்பாடு, தங்குமிடம் இலவசம் என்று கான்ட்ராக்டர்கள் கூப்பிடுகிறார்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே சம்பளம். எதுவும் படிக்காதவனுக்கும் இரண்டு வருடம் அரம் பிடித்தவனுக்கும் ஒரே கூலி என்றால், பயிற்சிக்கு மதிப்பில்லை என்று சொல்வது யார்? பெற்றோரா, கம்பெனியா?

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதை நம் கண்முன் நடந்தது. 2006இல் உற்பத்தி தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே செல்போன் பூட்டினார்கள். பிளஸ் டூ முடித்து நேராக லைனுக்கு வந்தவர்கள். ஆலை மூடியபோது அவர்கள் கையில் இருந்தது வேலை பார்த்த அனுபவம் மட்டும். அடுத்த கம்பெனியில் அதைத் தொழில்தெரிந்தவர் என்று ஏற்றுக்கொள்ள வைக்கும் ஒரு சான்று இல்லை. இன்று அதே வட்டாரத்தில், வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. பெண்களுக்குப் பாதுகாப்பான இருப்பிடம் பெரிய விஷயம்தான். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே மாலையில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் வகுப்பும் நடந்தால், மூன்று வருடம் லைனில் நின்ற பெண் வெளியே போகும்போது ஒரு டெக்னீஷியனாகப் போகலாம். ஐ.டி.ஐ. சேர்க்கைக்கு ஆண்களுக்கு 40 வயது வரை என்றும் பெண்களுக்கு உச்ச வயதே இல்லை என்றும் தமிழ்நாட்டில் விதி வைத்திருக்கிறார்கள். அருமையான விதி. அதைப் பயன்படுத்த ஏற்ற நேரத்தில் வகுப்புதான் இல்லை.

அப்ரண்டிஸ் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய் உதவித்தொகை என்று 2019 திருத்தம் சொன்னது. சென்னைப் பக்கம் வாடகையும் சாப்பாடும் போக அதில் என்ன மிஞ்சும்? பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு பேட்ச் போனால் அடுத்த பேட்ச் வரும். இந்த வட்டாரத்தில் கல்பாக்கம் அணுமின் வளாகத்தில் அப்ரண்டிஸ் இடம் கிடைத்தால் வீட்டில் பண்டிகை மாதிரி. அங்கே முறையாகக் கற்றுத்தருவார்கள், சான்றுக்கு மதிப்புண்டு என்ற நம்பிக்கைதான் காரணம். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க மற்ற நிறுவனங்களுக்கு யாரும் தடைபோடவில்லை.

குலக்கல்வி காலத்துப் பழைய சர்ச்சை சமீபத்தில் புது உருவில் திரும்பி வந்தது. 2023 செப்டம்பரில் பிரதமர் விஸ்வகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. 18 கைத்தொழில்களுக்குப் பயிற்சி, கருவிகள், கடன். விண்ணப்பிப்பவர் பரம்பரையாக அந்தத் தொழிலில் உள்ள குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், 18 வயது போதும் என்ற இரண்டு அம்சங்களையும் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. பதினெட்டு வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமே தவிர அப்பா பட்டறைக்கு அல்ல என்பது வாதம். 2024 நவம்பரில், இந்த வடிவில் திட்டத்தை நடத்த மாட்டோம் என்று மாநில அரசு எழுதிவிட்டது. பதிலுக்கு 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது: 25 தொழில்கள், குலம் பார்ப்பதில்லை, குறைந்தபட்ச வயது 35. இதில் அரசியல் இருக்கிறது என்பார்கள்; இருக்கட்டும். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கியது சரி. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய கொத்தனாரும் தச்சரும் தாங்களாகத் தேர்ந்த தொழிலில் மேலும் வளரக் கடன் கேட்பதும், பள்ளி முடித்த பையனை அப்பாவின் உளிக்கு அனுப்புவதும் ஒன்றல்ல.

இனி அந்த மூன்றாவது கேள்வி. மேலே போக வழி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் சொல்லுவார் இல்லை. ஐ.டி.ஐ. இரண்டு ஆண்டு முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். எட்டாம் வகுப்போடு ஐ.டி.ஐ. வந்தவர், மொழிப்பாடத் தேர்வு எழுதிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறலாம்; பத்தோடு வந்தவர் பிளஸ் டூவுக்கு இணையான தகுதி பெறலாம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் கிடைக்கும். வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: அங்கீகாரம் பெற்ற இரண்டு ஆண்டுத் தொழிற்சான்று இருந்தால், குடியேற்றச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட்டுக்கு அது ஒரு தகுதி.

ஏணி இருக்கிறது, அதன் கீழ்ப்படி பெற்றோரின் கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று பள்ளிக்கு வரும் பெற்றோரிடம் பாலிடெக்னிக்குக்கும் பி.இ.க்கும் போகும் இந்தப் பாதையை ஒரு ஆசிரியர் ஐந்து நிமிடம் விளக்கினால், ஐ.டி.ஐ. என்றாலே படிப்புக்கு முழுக்கு என்ற பயம் பாதி தீரும். 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் திறன் பயிற்சியோடு உயர்கல்வி வழிகாட்டலுக்காகவும் வந்தது. அதன் வழிகாட்டல் வகுப்புகளில் கல்லூரிக்கு இணையான இடம் ஐ.டி.ஐ.க்கும் கிடைக்க வேண்டும்.

தனியார் ஐ.டி.ஐ.யில் பணம் கட்டப் போகிறவர்கள் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நிறுவனத்துக்கு மத்திய அரசின் தொழிற்பயிற்சிக் குழுவான என்.சி.வி.டி.யின் அங்கீகாரம் உண்டு என்று சொன்னால் போதாது. நீங்கள் சேரப்போகும் அந்த டிரேடுக்கு உண்டா என்று கேளுங்கள். அங்கீகாரம் டிரேடு வாரியாகத்தான் தருகிறார்கள். பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். லேத் ஓடுகிறதா, துணிபோட்டு மூடிக்கிடக்கிறதா? வெல்டிங் கூடத்தில் தரையில் புதிய கசடு கிடக்கிறதா? போன வருடம் படித்து முடித்த பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களிடமே போன் போட்டுக் கேளுங்கள்.

கருங்குழி போன்ற ஊரில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்களைத் திட்டங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. ஷெட்டில் பத்து, பதினைந்து வருடம் வேலை பார்த்த மெக்கானிக்குகள், வீட்டு வயரிங் செய்யும் எலெக்ட்ரீஷியன்கள், கேட்டும் ஷட்டரும் பற்றவைக்கும் வெல்டர்கள். முறைசாராத வழியில் கற்ற அந்த 16.6 சதவீதத்தினருக்கும் முந்தைய தலைமுறைக்காரர்கள். வேலை கைவசம், காகிதம் இல்லை. காகிதம் இல்லாததால் அரசு கான்ட்ராக்ட் எடுக்க முடியாது, மின்சார லைசென்ஸ் கிடைக்காது, கம்பெனி மெயின்டனன்ஸ் வேலைக்கு மனுப்போட முடியாது. இவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. சில ஆண்டு அனுபவமுள்ளவர்கள் ஐ.டி.ஐ. படிக்காமலே தனித்தேர்வராக அகில இந்தியத் தொழில்தேர்வு எழுதி, படித்தவர்கள் பெறும் அதே சான்றிதழைப் பெறலாம். மாவட்ட நிர்வாகம் இதற்கான அறிவிப்பை வெளியிடுகிறது. ஏதோ ஒரு நாள் பத்திரிகையில் உள்பக்கத்தில் நான்கு வரியாக வந்து போய்விடுகிறது.

அந்த அறிவிப்பைப் பேரூராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டலாம். ஹார்டுவேர் கடைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் ஒட்டலாம். மெக்கானிக்குகள் தினமும் வந்து நிற்கும் இடம் அவைதான். செங்கல்பட்டு அரசு ஐ.டி.ஐ.யின் பட்டறையை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவைத்து, தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் வரைபடம் படிக்கவும் கணக்குப் போடவும் ஒரு பயிற்றுநர் சொல்லிக்கொடுக்கலாம். அவர்கள் தடுமாறுவது அந்த இரண்டில்தான். கைவேலையில் அவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை.